மாமியாரை எடுத்துவிடுவதற்கு முன்

நம்முடைய பிரிட்ஜ் மென்பொருளின் அடுத்த பதிப்பில், தப்பு இருந்தால் ஓட மறுத்து நிற்கும் அந்தச் சிவப்புத் திரைக்குக் கீழே ‘பரவாயில்லை, ஓடட்டும்’ என்று ஒரு பட்டன் வைக்கப் போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். அந்தத் திரைக்கு நீங்கள் மாமியார் என்று பெயர் வைத்திருப்பதும் எனக்குத் தெரியும். வேலையில் இருந்தபோதே தெரியும். “மாமியார் ஒத்துக்கலீங்க” என்று யாராவது சொல்வார்கள், என் தலையைப் பார்த்ததும் வாயை மூடிக்கொள்வார்கள். நானும் காதில் விழாத மாதிரி காபி மெஷின் பக்கம் போய்விடுவேன். பெயர் திரைக்கா எனக்கா என்று விசாரிக்கிற தெம்பு அப்போதே எனக்கு இல்லை.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள் மேடம் என்று கேட்டிருந்தீர்கள். அறிவுரை சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. கேட்டுக் கேட்டு உங்களுக்கும் அலுத்திருக்கும். அதனால் அந்தத் திரை எப்படி வந்தது என்பதை மட்டும் சொல்கிறேன். படித்துவிட்டுப் பட்டனை வைத்தாலும் சரி, வைக்காவிட்டாலும் சரி. ரிட்டயர் ஆனவள் கையில் என்ன இருக்கிறது.

சிமுலேஷன் எழுதுகிறவர்கள் அவரவர் துறையில் கெட்டிக்காரர்கள். பம்ப் கம்பெனிக்காரர்கள் பம்பைக் கணினிக்குள்ளேயே ஓட்டிப் பார்த்துவிடுவார்கள். குழாய் வடிவமைப்பவர்கள் குழாயை அப்படியே உள்ளே கொண்டுவந்துவிடுவார்கள். ஆனால் தோட்டத்தில் பம்ப் தனியாக, குழாய் தனியாக வேலை செய்வதில்லை. அந்த இரண்டு நிரல்களையும் ஒன்றாக ஓட வைப்பதுதான் நம் பிரிட்ஜ். பம்ப் நிரல் சொல்லும் எண்ணைக் குழாய் நிரலிடம் கொடுக்கும், குழாய் சொல்வதை பம்பிடம் கொடுக்கும். தரகர் வேலை, கமிஷன்தான் கிடையாது.

ஆரம்பத்தில் பிரிட்ஜை எப்படி வடிவமைப்பது என்று எங்களுக்குள் இரண்டு கட்சி இருந்தது. உள்ளே வருகிற ஒவ்வொரு நிரலும் தன்னிடம் என்னென்ன இருக்கிறது என்று முதலிலேயே சொல்லியாக வேண்டும் என்பது ஒரு கட்சி. கொடுப்பதை வாங்கிக்கொண்டு எப்படியாவது ஓட வைப்போம் என்பது இன்னொன்று. முதல் கட்சிக்குத் தலைவர் எங்கள் பழைய மேலாளர். மரியாதைக்கு வார்த்தைக்கு வார்த்தை ‘ங்க’ போடும் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தும் அதைப் போடாத ஒரே மனிதர் அவர்தான். மீட்டிங்கில் எதிரில் இருப்பவர் எவ்வளவு பெரிய கம்பெனி ஆளானாலும் “இது உன்னுதா, அவனுதா, அத மொதல்ல சொல்லு” என்பார். வந்தவர்கள் முகம் சுருங்கிப் போகும். அப்படி நொந்துபோய் விலகியவர்களும் உண்டு.

அவர் ரிட்டயர் ஆனார். நாங்கள் பெருமூச்சு விட்டோம். பிரிட்ஜை நம்மூர் மாதிரியே ஆக்கினோம். யார் வந்தாலும் வாங்க என்றது, எதைக் கொடுத்தாலும் சரிங்க என்றது, குறை இருந்தால் தானே சமாளித்துக்கொண்டது. வாடிக்கையாளர்கள் பெருகினார்கள். நானும் அந்த இரண்டாம் கட்சிதான்.

அப்படி இருக்கும்போதுதான் பொள்ளாச்சிக்கு அப்பாலிருந்து ஒரு தென்னை விவசாயிகள் சங்கத்தின் வேலை வந்தது. மழை பொய்த்து, போர்வெல் எல்லாம் வற்றி, மரங்கள் மட்டை தொங்கி நின்ற காலம். ஆற்றிலிருந்து தண்ணீர் எடுக்க அவர்களுக்கு அனுமதி கிடைத்திருந்தது. ஆனால் ஆற்றில் தண்ணீர் ஓடும் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும்தான் அனுமதி. ஆற்றங்கரையில் பம்ப், அங்கிருந்து மேட்டுத் தொட்டி வரைக்கும் நீளமான குழாய். நடுவில் ஒரு பள்ளத்தைத் தாண்ட வேண்டும். அந்த இடத்தில் குழாய் தூண்களின் மேல் வெளியே தெரியும்படி போகும். பக்கத்திலேயே வரிசையாகக் கூலியாட்கள் குடியிருக்கும் வீடுகள்.

கேள்வி ஒன்றுதான். கரண்ட் போனால் பம்ப் சட்டென்று நிற்கும். மேலே ஏறிக்கொண்டிருந்த தண்ணீர் திரும்பும். பம்புக்குப் பக்கத்தில் இருக்கும் நான்-ரிட்டர்ன் வால்வு, அதாவது தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் கதவு, சாத்திக்கொள்ளும். திரும்பிய தண்ணீர் அதில் மோதும். அந்த அடி குழாய் முழுக்க ஓடிப்போய், எங்கே அழுத்தம் அதிகமோ அங்கே பிளக்கும். இவர்களுடைய குழாயில் அந்த இடம் பள்ளம். அடியை வாங்கிக்கொள்ள ஏர் வெசல் என்ற பெரிய இரும்புத் தொட்டியை, உள்ளே காற்று அடைத்து, பம்புக்குப் பக்கத்தில் வைப்பார்கள். அதைச் செய்து முடிக்க மாதக்கணக்கில் ஆகும். அது தேவையா இல்லையா என்று சிமுலேஷன் சொல்ல வேண்டும்.

பம்ப் பக்கம், கணபதி ஏரியாவில் இருக்கும் ஒரு பம்ப் கம்பெனியிலிருந்து ஸ்டீபன். குழாய் பக்கம் ஒரு ஆலோசனை நிறுவனத்திலிருந்து கோகிலா. இரண்டு பேருமே தங்கமான பிள்ளைகள், வேலையில் சுத்தம். ஒருவருக்கொருவர் எழுதிய மின்னஞ்சல்களைப் படித்தால் சம்பந்தி வீட்டார் எழுதிக்கொண்ட மாதிரி இருக்கும். அவ்வளவு மரியாதை. இரண்டையும் பிரிட்ஜில் கோத்து ஓட்டினோம். முடிவு வந்தது. கரண்ட் போகிறது, அழுத்தம் இறங்குகிறது, மெதுவாக ஏறுகிறது, குழாய் தாங்குகிற அளவுக்குள்ளேயே நின்றுவிடுகிறது. ஏர் வெசல் வேண்டாம்.

எல்லாருக்கும் சந்தோஷம். சங்கத் தலைவர் தங்கவேல் மறுநாள் காலை நேரில் வந்து, வெசல் இல்லாமலே ஓட்டலாம் என்ற கடிதத்தை வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். கடிதம் கையில் வந்ததும் குழாயை இணைத்துத் தண்ணீர் ஏற்றத் தொடங்கிவிடலாம்.

கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டியவள் நான். போடுவதற்கு முன்னால் அந்தக் கிராஃபை இன்னொரு முறை பார்த்தேன். அழுத்தத்தை அல்ல, நீரோட்டத்தை. கரண்ட் போன பிறகு ஓட்டம் குறைந்து, குறைந்து, பூஜ்ஜியத்தில் வந்து அழகாக உட்கார்ந்துகொண்டது. அதற்குக் கீழே ஒரு துளியும் இறங்கவில்லை. மேட்டில் ஏறுகிற தண்ணீர் நின்றால் கொஞ்சமாவது பின்னால் வர வேண்டும், கதவு சாத்துவதற்குள் கொஞ்சமாவது நழுவ வேண்டும். இதுவோ வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருகிற விருந்தாளி மாதிரி வந்து நிற்கிறது. தண்ணீருக்கு அந்த மரியாதையெல்லாம் கிடையாது.

ஆனால் ஏன் என்று எனக்குத் தெரியவில்லை. ஸ்டீபனின் நிரலைத் தனியாக ஓட்டிப் பார்த்தால் சரி. கோகிலாவுடையதைத் தனியாக ஓட்டினாலும் சரி. எங்கள் நிறுவன முதலாளியிடம் சொன்னேன். “மேடம், பம்புக்காரங்க சரின்னுட்டாங்க, பைப்புக்காரங்களும் சரின்னுட்டாங்க. நம்ம வேலை நம்பரை இங்கிருந்து அங்க கொண்டு போறது. முடிவு அவங்களுது” என்றார். அவர் மேல் தப்பில்லை. ஒப்பந்தத்திலும் அப்படித்தான் இருந்தது.

அப்புறம் அந்தப் பழைய மேலாளருக்கு போன் போட்டேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

“கிராஃபப் பாத்தது யாரு?”

“நான்தான் சார்.”

“அப்புறம் என்னை எதுக்குக் கேக்கற? நான் ஒண்ணு சொல்லணும், நாளைக்கு அதை என் தலையில போடணும். அதானே?” என்று சொல்லி வைத்துவிட்டார்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. கோபத்தில்தான். ஆனால் அவர் சொன்னது நிஜம். பயத்தைப் பங்கு போட ஆள் தேடித்தான் கூப்பிட்டிருந்தேன்.

காலையில் தங்கவேல் வந்தார். எப்போது வந்தாலும் ஆபீஸ் முழுக்க இளநீர் கொண்டுவந்து இறக்குபவர், அன்றைக்கு வெறும் கையோடு வந்தார். உட்காருவதற்கு முன்னாலேயே “காய் இல்லீங்க அம்மணி, தப்பா நெனச்சுக்காதீங்க” என்றார். அவர் முகத்தைப் பார்த்து, கடிதம் இப்போது தர முடியாது என்று சொன்னேன். காரணம் கேட்டார். கணக்கில் ஏதோ சரியில்லை, என்னவென்று இன்னும் தெரியவில்லை என்றேன். எத்தனை நாளாகும் என்றார். அதுவும் தெரியாது என்றேன். ஒரு பெரிய மனிதரிடம் இரண்டு முறை தெரியாது என்று சொல்லிவிட்டு அவர் எதிரிலேயே உட்கார்ந்திருப்பது எவ்வளவு பெரிய வேலை என்பதை எந்தக் கல்லூரியிலும் சொல்லித் தருவதில்லை.

அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். “கரண்ட் போனாத்தானுங்க அம்மணி தொந்தரவு? ஈபி ஆபீஸ்ல சொல்லி வெச்சுக்கறமுங்க. போகாம பாத்துக்கறமுங்க. இந்த ஒரு தடவை தண்ணி ஏத்திப்போட்டா மரம் பொழச்சுக்குமுங்க” என்றார்.

“பள்ளத்து ஊடுகள்ல இருக்கறவங்ககிட்டயும் இதையே சொல்லிருவீங்களாங்ணா?” என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் எவ்வளவு கடுமையாகக் கேட்டுவிட்டோம் என்று தெரிந்தது.

“அவிங்க நம்ம தோப்புல வேலை செய்யறவிங்கதானுங்க” என்றார், மெதுவாக. எழுந்து கும்பிட்டுவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு ஸ்டீபனையும் கோகிலாவையும் முதல் முறையாக ஒரே மேஜையில் உட்கார வைத்தேன். அதுவரைக்கும் எல்லாம் மின்னஞ்சல்தான். ஆளுக்கொரு வெள்ளைத்தாளைக் கொடுத்து, உங்கள் நிரலுக்குள் என்னென்ன இருக்கிறதோ அதை வரைந்து காட்டுங்கள், எங்கே முடிகிறதோ அங்கே ஒரு கோடு போடுங்கள் என்றேன். வரைந்தார்கள். இரண்டு தாளிலும் நான்-ரிட்டர்ன் வால்வு இருந்தது.

கோகிலாதான் முதலில் வாய் திறந்தாள். வால்வை யார் போடுவது என்று ஒப்பந்தத்தில் இல்லை, பம்புக்காரர்களுக்கு எதற்குச் சிரமம் என்று அவளே போட்டுவிட்டாளாம். ஸ்டீபனும் அதையேதான் சொன்னான். குழாய்க்காரர்களுக்கு ஏற்கெனவே தலைக்கு மேல் வேலை, வால்வு பம்புக்குப் பக்கத்தில்தானே இருக்கிறது என்று அவனும் போட்டிருக்கிறான். போட்டதை ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்டேன்.

“சொன்னா சொல்லிக் காட்டற மாதிரி ஆயிருமுங்க மேடம்” என்றான். கோகிலாவும் தலையாட்டினாள்.

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஸ்டீபனின் வால்வு எளிமையானது. தண்ணீர் திரும்பப் பார்த்த உடனே நிறுத்திவிடும். கோகிலாவுடையதுதான் நிஜமான வால்வு மாதிரி, கொஞ்சம் தாமதமாக, அடி வாங்கிச் சாத்தும். ஆனால் தண்ணீர் திரும்பி வந்து அவளுடைய வால்வில் மோதினால்தானே? அது திரும்பும் முன்பே ஸ்டீபன் நிறுத்திவிட்டான். அடியே விழவில்லை. இரண்டு பேரும் சரி, இரண்டு பேரும் நல்லவர்கள், முடிவு மட்டும் தப்பு.

நம்மூர் பேக்கரியில் தினமும் நடப்பதுதான் இது. இரண்டு பேர் டீ குடிப்பார்கள். ஒருவர் கைகழுவப் போகிற சாக்கில் காசு கொடுத்துவிடுவார். இன்னொருவர் வெளியே வரும்போது கொடுக்கப் போவார். கடைக்காரர் “அவரு குடுத்துட்டாருங்க” என்று சொல்ல வேண்டும். எங்கள் பிரிட்ஜ் இரண்டு பேரிடமும் வாங்கிப் போட்டுக்கொண்டு கம்மென்று இருந்துவிட்டது. யாரையும் சங்கடப்படுத்தக் கூடாது என்று நாங்கள்தானே அதை அப்படி வளர்த்திருந்தோம்.

ஸ்டீபனின் நிரலில் வால்வு ஆழமாகப் புதைந்திருந்தது. அதை எடுத்துவிட்டு மறுபடி சோதித்து ஓட்டுவதற்கு நாள் பிடித்தது. அந்த நாட்களில் தங்கவேல் தினமும் போன் செய்தார். ஒரு முறைகூடக் கேள்வி கேட்கவில்லை. “சும்மாதானுங்க கூப்பிட்டேன், நல்லா இருக்கறீங்களா” என்று மட்டும் கேட்டு வைத்துவிடுவார். கடைசியில் முடிவு வந்தது. பள்ளத்தில் அழுத்தம் குழாய் தாங்கும் அளவைத் தாண்டிப் போனது. ஏர் வெசல் வேண்டும், அது இல்லாமல் ஓட்டக் கூடாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

வெசல் செய்து வருவதற்குள் ஆற்று அனுமதி முடிந்துபோனது. தோப்புகள் காய்ந்தன. எல்லாருடையதும் இல்லை, மேட்டில் இருந்தவர்களுடையது. தங்கவேலுடையதும் மேடுதான். கம்ப்யூட்டர்க்காரி பேச்சைக் கேட்டுத் தோப்புப் போச்சு என்று சங்கத்தில் பேசிக்கொண்டதாகக் கோகிலா சொன்னாள். என்னிடம் அதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம். ஆனால் இனிமேல் எதையும் சொல்லாமல் விடுவதில்லை என்று அவள் முடிவெடுத்திருந்தாள் போல.

நான் சரியாகச் செய்தேன் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்கிறீர்களா? கணினி சொன்னது. தப்பான முடிவையும் அதே கணினிதான் அதே நிதானத்தோடு சொன்னது. வெடித்த குழாயை எல்லாரும் போய்ப் பார்ப்பார்கள். வெடிக்காத குழாயைப் பார்க்க யாரும் வருவதில்லை. இந்தத் தொழிலில் ரொம்பக் களைப்பாக்குவது எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். வேலை அல்ல, இந்த நிரூபிக்க முடியாமைதான்.

அந்த வருஷம்தான் சிவப்புத் திரை வந்தது. உள்ளே வரும் ஒவ்வொரு நிரலும் தன்னிடம் இருப்பதைச் சொல்ல வேண்டும். ஒரே பொருளை இரண்டு பேர் தனது என்றாலும் ஓடாது, யாருமே தனது என்று சொல்லாவிட்டாலும் ஓடாது. ‘வால்வு இரண்டு இடத்தில் இருக்கிறது. யாருடையது?’ என்று கேட்டு நின்றுவிடும். அதில் ‘தயவுசெய்து’ சேர்க்கலாமே மேடம் என்று நிறையப் பேர் சொன்னார்கள். நான் சேர்க்கவில்லை. அந்தக் குரலை எங்கே கேட்டேன் என்று இப்போது உங்களுக்குத் தெரிந்திருக்கும். மாமியார் நான் இல்லை, அந்தப் பழைய மேலாளர்தான். திரை வந்த விஷயத்தை அவரிடம் சொன்னபோது “இப்பத்தான் தோணுச்சா” என்றார். அவ்வளவுதான் அவரிடமிருந்து கிடைத்த பாராட்டு.

அந்தப் பட்டனை நீங்கள் எதற்குக் கேட்கிறீர்கள் என்பதும் எனக்குப் புரிகிறது. எதிரில் வாடிக்கையாளர் உட்கார்ந்திருக்கும்போது திரை சிவந்தால் சங்கடம்தான். பட்டனை அழுத்தினால் அந்தச் சங்கடம் தீர்ந்துவிடும். பட்டன் இல்லாவிட்டால் உங்களுக்கு என்ன மிச்சம் என்பதையும் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் நான் பாதியைத்தான் சொன்னவள் ஆவேன்.

அடுத்த வருஷம் ஆற்றில் தண்ணீர் வந்து பம்பை ஓட்டத் தொடங்கிய அன்றைக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். பள்ளத்தைத் தாண்டித்தான் பம்ப் ஹவுஸுக்குப் போக வேண்டும். தூண்களின் மேல் போகும் அந்தக் குழாயில் யாரோ ஒரு அம்மா சேலையைக் காயப் போட்டிருந்தார். கார் நிற்காமல் போய்விட்டது.

பம்ப் ஹவுஸில் எல்லாரும் நின்றுகொண்டிருந்தார்கள். என்னை மட்டும் ஒரு பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். தண்ணீர் நன்றாக ஏறிக்கொண்டிருக்கும்போது, சோதனைக்காக வேண்டுமென்றே கரண்டை நிறுத்தச் சொன்னேன். பம்ப் அடங்கியது. வால்வு டொம் என்று சாத்தியது. வெசலுக்குள் தண்ணீர் திமிறிக்கொண்டு ஏறுகிற சத்தம் கேட்டது. பிரஷர் கேஜில் முள் கொஞ்சம் ஏறி, நின்று, தடுமாறி, இறங்கியது.

தங்கவேல் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். வேறு ஏதோ வரும் என்று காத்திருந்த மாதிரி இருந்தது. பிறகு என் பக்கம் திரும்பினார்.

“அவ்வளவுதானுங்களா?”

“அவ்வளவுதானுங்ணா.”

“வெசல் இல்லாம இருந்திருந்தா?”

“வெடிச்சிருக்கும்னு நெனைக்கிறேனுங்ணா.”

“நெனைக்கிறீங்க” என்றார். கோபமே இல்லை. பெஞ்சின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்த என்னைப் பார்த்து, “நல்லா சாஞ்சு உக்காருங்க அம்மணி. பெஞ்சு புதுசுங்க. நம்ம தோப்புல வெட்டுன மரந்தானுங்க” என்றார்.

எழுந்துகொள்வது மரியாதையில்லை. கரண்டை மறுபடி போட்டு, தண்ணீர் மேட்டுத் தொட்டிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று அங்கிருந்து போன் வரும் வரைக்கும் அதிலேயே உட்கார்ந்திருந்தேன்.